பகுதி 9-ஐப் பார்க்கவும்!

“ஐயோ..!”

அலறிய பெண் லிஃப்ட் பள்ளத்தின் விளிம்பிலேயே மடங்கி உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் டார்ச்சை உள்ளே அடித்தார். அடித்த வேகத்தில் அணைத்தார்.

கிரீஸ்... ரத்தம்... என்றைக்கோ செத்த ஒரு எலி. அதன் பக்கத்தில், இடது லிஃப்டுக்கு அடியில் நசுங்கிப்போன இளம் மெக்கானிக்!

சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருட சர்வீஸில் அவர் வயிறு மட்டும் இன்னும் பயிற்சியிலேயே இருந்தது.

பிணத்தின் கையில் லிஃப்ட் பராமரிப்புக் கையேடு. விரல் நின்ற வரி... ‘அடியில் இறங்கும் முன் பகுதி 9-ஐப் பார்க்கவும்.’

ஏட்டு பக்கத்தைப் புரட்டினார்.

“ஒன்பதுல... ‘கண்ணாடியை மென்மையான துணியால் துடைக்கவும்’னு போட்டிருக்குங்கய்யா!”

“கர்மம்!”

அதே கட்டடத்தின் நாலாவது மாடி. அந்த லிஃப்டைச் செய்து விற்கும் கம்பெனி. இன்ஸ்பெக்டர் வலது லிஃப்டில் சொகுசாக ஏறி வந்து உட்கார்ந்த பிறகு, மேனேஜர் படியேறி வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

மூக்கு நுனியிலிருந்து வியர்வை பிஸ்கட் தட்டில் சொட்டியது.

அந்த பிஸ்கட்டையே எடுத்துத் தின்றார்!

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கையேடு எழுதினது இவதான் சார்!” ஓரமாக நின்றிருந்த, பள்ளத்தருகே அலறிய பெண்ணை நோக்கி மேனேஜரின் ஈர விரல் நீண்டது. “எச்சரிக்கையை எழுத மறந்துட்டா. கூடப்பிறந்த தம்பியை அக்காவே கொன்னுட்டா!”

“தம்பியா..?”

அவள் தலையசைத்தாள்.

“எழுதினேன் சார். ‘பிரேக் சூடானா பிடிக்காது, முட்டு கொடுக்காம அடியில இறங்காதீங்க’ன்னு தனிப் பகுதியே எழுதினேன். இப்ப ஃபைல்ல அது இல்ல. அவன் வேலைக்குச் சேர்ந்தப்போ, ‘புக்கைப் படிச்சுட்டு இறங்குடா’ன்னுதான் சொன்னேன். படிச்சுட்டுத்தான் சார் இறங்கியிருக்கான்!”

“காது குத்துறா சார்!” மேனேஜர் பிஸ்கட் தூள் தெறிக்கச் சிரித்தார். “கைவிலங்கை மாட்டுங்க!”

இன்ஸ்பெக்டர் தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார்.

“ஒன்பதுன்னு நீங்களாம்மா அடிச்சீங்க?”

“நான் நம்பரே அடிக்கமாட்டேன் சார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பேர் வெச்சுடுவேன். வேற இடத்துல அந்தப் பேரை அடிச்சா கம்ப்யூட்டரே நம்பர் போட்டுக்கும்.”

“பகுதியையே தூக்கிட்டா?”

“நம்பருக்குப் பதிலா ரெண்டு கேள்விக்குறி வரும்.”

“இதுல கேள்விக்குறியே இல்லையே..?”

மேனேஜர் விரலை நக்கினார்.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

“புக்கோட ஆரம்பத்துல புதுசா ஒரு பகுதி சேருங்கம்மா. என்னவா இருந்தாலும் சரி.”

கறுப்புத் திரையில் அவள் ஒரு வரி அடித்தாள். கையேடு மறுபடி உருவானது. ‘பார்க்கவும்’ என்ற இடங்களில் மூன்று நாலானது. ஐந்து ஆறானது. கண்ணாடி துடைக்கும் பகுதிகூட ஒன்பதிலிருந்து பத்துக்கு நகர்ந்தது.

மூன்று இடங்கள் மட்டும் அசையவில்லை!

பகுதி 9-ஐப் பார்க்கவும்... பகுதி 9-ஐப் பார்க்கவும்... பகுதி 9-ஐப் பார்க்கவும்...

“எல்லா கேஸ்லயும் ஓடுறவன் மாட்டுவான். இங்க ஓடாதது மாட்டியிருக்கு! கேள்விக்குறி மேல யாரோ கையால அடிச்சிருக்காங்க. அச்சுக்கு அனுப்பினது யாரும்மா?”

“மேனேஜர் சார்தான்.”

“அனுப்பினேன். ஃபைலைத் திறக்கவே இல்ல! அவளே அடிச்சிருப்பா!”

“இருக்கலாம்.” இன்ஸ்பெக்டர் எழுந்தார். “மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசுவோம். வாங்க, லிஃப்ட்ல இறங்கலாம்.”

“நான் படியில வரேன்...”

“இந்தத் தொப்பையோட நாலு மாடியா? வலது லிஃப்டும் நீங்க விக்கிற அதே மாடல்தானே? ஏட்டு, சாரைத் தாங்கிப் பிடிச்சு உள்ள விடுய்யா!”

லிஃப்ட் கதவு திறந்தது.

மேனேஜர் கதவு நிலையைப் பல்லி மாதிரி பற்றிக்கொண்டார்.

“வேணாம்..! காலையிலேர்ந்து ஓடிட்டிருக்கு, பிரேக் சூடாயிருக்கும்... நிக்காது! அவ எழுதினது அத்தனையும் நிஜம்! அதைப் போட்டா ஒருத்தனும் வாங்கமாட்டான்னுதான் எடுத்தேன்..!”

அவள் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இன்ஸ்பெக்டருக்குக் கண் கரித்தது. தூசி என்று நினைத்துக்கொண்டார்.

ஏட்டு மெல்ல இருமினார்.

“அய்யா... காலையிலேர்ந்து அதுல ஓடிட்டிருந்தது நாமதானே..?”

இன்ஸ்பெக்டர் லிஃப்ட் கதவிலிருந்து இரண்டடி பின்னால் குதித்தார்.

“எல்லாரும் படியில இறங்குங்கய்யா!”

விலங்கு மாட்டிய கையால் மேனேஜர் வியர்வையை வழித்தார்.

“நான் என் வக்கீலைப் பார்க்கணும்!”

“அதுக்கு முன்னாடி,” என்றார் இன்ஸ்பெக்டர், “பகுதி ஒன்பதைப் பார்க்கவும்!”