கதவு முளைத்த வீடு

நேற்று அந்தப் படத்திலிருந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. இன்று இருந்தது.

சோரின் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். தேகு நகரத்து மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் மாடி; வெளியே மழை, அறைக்குள் பென்சில் சீவலும் ஈரக் குடையும் கலந்த வாடை. வீடு, மரம், மனிதர் என மூன்று படம் வரையச் சொல்லி, வரைந்தவர் முகத்தைப் பார்க்காமலே நோயையும் சிகிச்சையையும் எழுதுவது சோரினுக்கும் மற்ற உளவியல் பயிற்சியாளர்களுக்கும் பயிற்சி. இந்தக் கோப்பு கூடப் பயிலும் காவுலுக்கு வந்தது. அவள் எழுதியதைப் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் படித்துக்காட்டினார். பயிற்சி முடியும் மார்ச்சில் ஒருத்திக்குத்தான் நிரந்தர வேலை.

"அக்கா, சாப்பிட வரலியா? கிம்ச்சி சூப் ஆறிடும்."

காவுல்! சோரின் கோப்பை முழங்கையால் மறைத்தாள்.

"நீ போடி. பேராசிரியர் பக்கத்துல உனக்குத் துண்டு போட்டு வெச்சிருப்பாங்க."

"அய்யோ, வயிறு எரியுறதைப் பாருங்களேன்! தண்ணி ஊத்தட்டுமா?"

சிரிப்பும் செருப்புச் சத்தமும் நடை நெடுகத் தேய்ந்துகொண்டே போயின. படியிறங்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

காவுலின் உருண்டை எழுத்தை வாசித்தாள். 'பொறாமை பித்தாக முற்றியிருக்கிறது. ஒரே ஒருத்தியின் மேல். அவளோடு இவரைத் தனியே விடக் கூடாது.'

மேலே பெயர். எல்லாக் கோப்பிலும் போல நடு எழுத்தை வட்டத்தால் மறைத்திருந்தார்கள்: தோ ○ ரின். இரண்டு வாரமாகக் கண் அதைத் தாண்டித்தான் போயிருந்தது. இன்று நாக்கு வட்டத்துக்குள் இறங்கியது.

தோ. சோ. ரின்.

அவள் சட்டையில் குத்தியிருந்த முழுப் பெயர்.

பயிற்சிக்குச் சேர்ந்த வாரம் பயிற்சியாளர்களையும் வரையச் சொன்னார்கள். வரைந்தாள். கதவு வைக்க மறந்தாள். இப்போது விரல் நுனியெல்லாம் பென்சில் கரி. எப்போது ஆனது?

தட்டும் சத்தம்.

அறைக்கதவில் இல்லை. அது திறந்தே கிடந்தது. நடையில் யாருமில்லை.

மறுபடியும். உள்ளங்கைக்கு அடியில். தாளுக்குள்.

படத்து ஜன்னலில் ஒரு முகம், நகக்கண் அளவு. காவுலின் குட்டை முடி.

"அக்கா, விளையாடாதீங்க. திறங்க... அக்கா!"

திறக்கத்தான் நினைத்தாள். அவள் கை பென்சிலை எடுத்து, அவசரமில்லாமல், அழுத்தி அழுத்தி, கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வரைந்துகொண்டிருந்தது.