பன்னிரண்டாவது குளியல்

தொட்டியில் யாரும் இல்லை. ஆனால் தண்ணீர் மேல் ஆணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மெதர்பெக் குனிந்து பார்த்தான். கல்தொட்டியின் உட்சுவரில் இரண்டு பித்தளை ஆணிகள். ஆளில்லாதபோது தண்ணீர் கீழ் ஆணியோடு நிற்கும். ஒருவர் இறங்கி உட்கார்ந்தால்தான் மேல் ஆணிக்கு ஏறும். வடிகாலைத் திறந்து கீழ் ஆணிவரை இறக்கினான். துண்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பினான். மறுபடியும் மேல் ஆணி. பால் கலந்ததுபோல் வெளுத்த வெந்நீரில் அடித்தளம் தெரியவில்லை. கந்தக நெடிக்குள், ஜானிஷ் நாக்கடியில் அதக்கும் பச்சைப் புகையிலையின் வாடை மெல்ல எழுந்து வந்தது.

ஜானிஷ் செத்துப் பத்து நாள் ஆகிறது.

இந்த ஊற்றில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் உட்காரக் கூடாது. மணல் கடிகாரம் தீர்ந்ததும் குளிக்கவைப்பவன் ஆளைக் கைப்பிடித்துத் தூக்கிவிடுவான். ஜானிஷ் இருபது வருடம் இடையர்களையும் கிழவர்களையும் அப்படித்தான் தூக்கிவிட்டான். முழங்கால் வலிக்குப் பன்னிரண்டு குளியல் எடுக்க வந்த நாட்டுத் தலைவர் தண்ணீரில் கண் அசந்தபோதும் பழக்கதோஷத்தில் கையைப் பிடித்துவிட்டான். தலைவரைத் தொடக் கூடாது என்பது சட்டம். காவல்தலைவன் தொரோபெக் அவனை அதே தொட்டியில் அமுக்கினான்.

"கால் உதறுதுடா, பிடி!" என்று அவன் கத்தியபோது கால்களைப் பிடித்தது மெதர்பெக்.

அன்றைக்கே ஜானிஷின் வேலை இவனுக்கு வந்தது. குளிக்கவைப்பவனின் குடும்பம் தலைவர் ஊரை விட்டுப் போகும்வரை பிணையாகக் காவல் வீட்டில் இருக்க வேண்டும். நிறைமாத வயிற்றோடு அவன் மனைவி கனிஷாய் அங்கே போனாள். இன்று பன்னிரண்டாவது குளியல், கடைசி. தலைவர் நல்லபடியாக வண்டி ஏறினால் அவள் வீடு திரும்புவாள்.

"என்னடா தண்ணிய மொறைக்கிற? உன் மூஞ்சி தெரியுதா?" தொரோபெக் வாசலில் நின்றான்.

"தண்ணி கொஞ்சம் ஏறி நிக்குதுங்கய்யா."

"ஏறுனா எறக்கு. இல்ல, தண்ணியில ஏதோ இருக்குன்னு பெரியய்யாகிட்ட நீயே சொல்றியா? உன் பொண்டாட்டி நல்லா தின்னுட்டுத் தூங்குறா. இன்னிக்கு ஒரு நாள் வாய மூடு."

தலைவர் முழங்காலைத் தேய்த்தபடி வந்தார். "என்னப்பா, இன்னியோட என் தொல்லை விட்டுது உனக்கு!" வாசலில் தொரோபெக் சத்தமாகச் சிரித்தான்.

அவர் இறங்கி உட்கார்ந்தார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து மெதர்பெக்கின் பாதங்களை நனைத்தது. கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நின்றான். நீராவி கண்ணாடியில் திரண்டு சொட்டியது. மணல் இறங்கியது. பாதி. பாதிக்குக் கீழே.

"காலை விடுப்பா," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல்.

மெதர்பெக் அசையவில்லை.

"பிடிச்சு விடச் சொன்னனா நான்?"

அவர் சரிந்தார். மோவாய். வாய். மூக்கு. தொரோபெக் கல்லாக நின்றான். தொடக் கூடாது. தொடாவிட்டால் செத்துப்போவார்.

மெதர்பெக் பாய்ந்தான். அக்குளில் கை கொடுத்து இழுத்தான். அடியிலிருந்தும் ஏதோ இழுத்தது. துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். தலைவர் தரையில் வந்து விழுந்தார். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் காலுறையாக உரிந்து தொங்கியது.

தொரோபெக்கின் துப்பாக்கிக் கட்டை மெதர்பெக்கின் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் ஈரத்தில் உருண்டன.

"நிறுத்து," தலைவர் மூச்சு வாங்கினார். "இவன் இல்ல. உள்ள ஒருத்தன் இருக்கான். யார்றா அது?"

"ஜானிஷ்," என்றான் மெதர்பெக், ரத்தத்தைத் துப்பி.

"எந்த ஜானிஷ்?"

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"உங்க கையப் பிடிச்சுத் தூக்குனவன்யா."

"அவன வெளிய இழு. என் கண்ணு முன்னால. இழுத்துட்டு உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ."

தோள்வரை கையை விட்டான். வெந்நீர் சுட்டது. ஒரு கை வந்து உள்ளங்கையில் அமர்ந்தது. பனிபோல் குளிர்ந்த கை.

இழுத்தான். மணிக்கட்டு. முழங்கை. முகத்தில் மயிர் ஒட்டிய தலை. ஜானிஷ் படியில் ஏறினான். அவன் மறு கை தண்ணீருக்குள் நீண்டிருந்தது. அதைப் பற்றிக்கொண்டு இன்னொரு கை வந்தது, காணாமல்போன சமையற்காரனின் வெள்ளைச் சட்டை போட்டது. அதைப் பற்றி இன்னொன்று. கிழட்டுக் கை.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. தொரோபெக் வாசலில் இல்லை.

"இழுடா," என்றார் தலைவர். குரல் கீச்சிட்டது.

மெதர்பெக் நிறுத்திவிட்டான். அவர்கள் நிறுத்தவில்லை. கிழட்டுக் கையைப் பற்றி வந்தது ஒரு பெண்ணின் கை. வீங்கிய விரலில் நுழையாத மோதிரத்தை மணிக்கட்டில் சிவப்பு நூலால் கட்டியிருந்தாள். அந்த நூலை முடிச்சிட்டது மெதர்பெக்தான்.

கனிஷாய் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவள் மறு கை இன்னும் தண்ணீருக்குள் இருந்தது, மிகச் சிறிய எதையோ பிடித்தபடி.