முத்தம் கூடாத அறை

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் பின்பக்கம், பழைய கையெழுத்துப் புத்தகங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதன் கதவில் ஒரு பலகை. பலகையில் மூன்று விதிகள்.

கையைக் கழுவிவிட்டு வரவும்.

பேனா கொண்டு வரக் கூடாது.

புத்தகத்துக்கு முத்தம் கொடுக்கக் கூடாது.

முதல் இரண்டு விதிகளையும் அடிஸ் அபாபாவில் எல்லோரும் மதித்தார்கள். மூன்றாவதை ஒருவரும் மதிக்கவில்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரு காலத்தில் மலை உச்சித் தேவாலயங்களில் இருந்தவை. ஆட்டுத் தோலைச் சுரண்டிக் காயவைத்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதியவை. அட்டைக்கு மரப்பலகை. பெரிய புத்தகம் ஒன்றுக்குள் நாற்பது ஆடாவது இருக்கும். நம்பாவிட்டால் தூக்கிப் பாருங்கள். இந்த நூலகத்தில் பெட்டி தூக்குகிற வேலை என்னுடையது. எனக்கு அந்த எடை தெரியும்.

அப்படிப்பட்ட புத்தகத்தைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தலை தானாகக் குனியும். உதடு தானாக முன்னால் போகும்.

அதைத் தடுப்பதுதான் காவலாளி தெஸ்ஸெமாவின் வேலை.

தெஸ்ஸெமா நல்ல உயரம். குரலும் பெரியது. ஆனால் மனசு வெண்ணெய். ஒரு நாள் பாட்டி ஒருத்தி புத்தகத்தை நோக்கிக் குனிந்தபோது, வேறு வழி தெரியாமல் கையைக் குறுக்கே நீட்டினார். பாட்டி கொடுத்த மூன்று முத்தமும் அவர் உள்ளங்கையில் விழுந்தன.

"புண்ணியம் உனக்குப் போயிடுச்சுப்பா," என்று பாட்டி கோபமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தெஸ்ஸெமாவின் மகள் யெஷி. பத்து வயது. காலையில் பள்ளிக்கூடம், மதியத்துக்கு மேல் நூலக வாசல். வாசலில் யூகலிப்டஸ் மரத்தடியில் அவள் அம்மா கோலோ விற்பாள். வறுத்த பார்லியும் கொண்டைக்கடலையும் கலந்ததுதான் கோலோ. அம்மா சந்தைக்குப் போகும்போது தகர டப்பாவுக்கு யெஷிதான் பொறுப்பு.

இப்படி இருக்கையில் புது அதிகாரி வந்தார். பெயர் மெங்கெஷா. மெல்லிய மீசை, மடிப்புக் கலையாத கோட்டு, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. வந்த முதல் நாளே எல்லாப் புத்தகங்களையும் திறந்து கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு தெஸ்ஸெமாவைக் கூப்பிட்டார்.

"இது என்ன?"

"பக்கம், ஐயா."

"பக்கத்து மேல?"

தெஸ்ஸெமா குனிந்து பார்த்தார். பளபளவென்று ஓர் உதட்டுத் தடம்.

"இது தலையில வெண்ணெய் தடவிட்டு வந்த யாரோ. அது வாயிலயும் பட்டிருக்கு," என்றார் மெங்கெஷா. "புதுசா மட்டும் பதினொரு தடம். ஐந்நூறு வருஷத்துப் புத்தகம், எண்ணெய்ப் பலகாரம் மாதிரி ஆயிட்டிருக்கு. இன்னும் ஒரே ஒரு தடம் விழட்டும், உன்னைக் கோழிப் பண்ணைக்கு மாத்திடுவேன்."

பல்கலைக்கழகத்தின் கோழிப் பண்ணை, பஸ்ஸில் ஆறு மணி நேரத் தொலைவு. அங்கே போனால் தெஸ்ஸெமா மாதத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வர முடியும். போதாதற்கு அவருக்குக் கோழி என்றால் பயம்.

அன்று சாயங்காலம் யெஷி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கொஞ்சம் கண்டிப்பா இருக்கக் கூடாதா?"

"எப்படிம்மா? ஒருத்தர் சாமியைக் கும்பிடும்போது நடுவுல போய் எப்படி நிக்கறது?"

"அப்ப கோழி?"

"கோழி கொத்தும்," என்றார் தெஸ்ஸெமா சோகமாக.

மறுநாள் யெஷி மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தாள். பக்கத்துத் தேவாலயத்துக்குச் சிலர் போய்க்கொண்டிருந்தார்கள். வெறும் வயிற்றோடு இருந்தவர்கள் உள்ளே போனார்கள். சாப்பிட்டுவிட்டவர்கள் மட்டும், எங்கள் ஊர் வழக்கப்படி, உள்ளே போகவில்லை. வாசல் கதவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். தினமும் பார்க்கிற காட்சிதான். இன்றைக்கு யெஷி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து, புத்தகம் பார்க்க ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"அண்ணே," என்றாள் யெஷி. "கோலோ சாப்பிடறீங்களா? சும்மாதான்."

சும்மா என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? போலீஸ்காரர் ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். தெஸ்ஸெமா புத்தகத்தைத் திறந்து வைத்தார். போலீஸ்காரரின் தலை குனிந்தது. பாதியில் நின்றது.

"அடடா, சாப்பிட்டுட்டேனே," என்றார் அவர். வெளியே வந்து, கதவு நிலைக்கு மூன்று முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

தெஸ்ஸெமா மகளைப் பார்த்தார். மகள் டப்பாவைப் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க அந்த வாசலில் நடந்த உபசாரம் போல நான் எங்கும் பார்த்ததில்லை. கல்லூரிப் பெண்கள், பரீட்சைக்குப் பயந்த பையன்கள், ஊரிலிருந்து வந்த கல்யாணக் கூட்டம், எல்லோருக்கும் ஒரு பிடி கோலோ. எல்லோரும் மென்றார்கள். எல்லோரும் கதவுக்கு முத்தம் கொடுத்தார்கள். கதவு நிலையில் வண்ணம் போய் மரம் மின்ன ஆரம்பித்தது.

"இந்த வேகத்துல சும்மா குடுத்தா நாம எதைச் சாப்பிடறது?" என்று அம்மா மட்டும் கேட்டாள்.

"அப்பா வீட்டுல இருக்கணுமா, கோலோ வீட்டுல இருக்கணுமா?" என்றாள் யெஷி.

மறுநாளிலிருந்து அம்மா இன்னும் கொஞ்சம் கூடுதலாக வறுத்தாள்.

மெங்கெஷாவும் தினமும் வந்து பூதக்கண்ணாடியால் தேடினார். ஒரு புதுத் தடமும் இல்லை. "நூலகப் பக்கத்துல தீனி கூடாது," என்று யெஷியைக் கண்டித்தார். கண்டித்துக்கொண்டே டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டார். அதுவும் தினமும் நடந்தது.

வெள்ளிக்கிழமைதான் அந்தத் துறவி வந்தார்.

வயதானவர். மஞ்சள் துணி, கையில் தடி, செருப்பில்லாத கால். கால் முழுக்கப் புழுதி. பெயர் கிடானே. வடக்கே மலையிலிருந்து இரண்டு நாள் நடந்து, ஒரு நாள் பஸ்ஸில் வந்திருந்தார். யெஷி ஓடிப் போய் டப்பாவை நீட்டினாள்.

"கோலோ சாப்பிடுங்க, சாமி. இப்ப வறுத்தது."

துறவி மோந்து பார்த்தார். ஆசையோடு இன்னொரு தடவையும் மோந்து பார்த்தார்.

"வேணாம் பாப்பா. மூணு நாளா தண்ணி மட்டும்தான். எங்க கோயில் புத்தகத்துக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் சோறு. பன்னெண்டு வருஷம் முன்னாடி எங்க கூரை ஒழுகுச்சு. அப்ப பத்திரமா இருக்கட்டும்னு இங்க குடுத்தோம். சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

யெஷி அப்பா நின்ற வாசலைத் திரும்பிப் பார்த்தாள். டப்பாவை மூடினாள்.

உள்ளே தெஸ்ஸெமா அந்தப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். விஷயம் கேள்விப்பட்டு மெங்கெஷாவும் வந்துவிட்டார்.

"மூணு முழம் தள்ளி நின்னு பாருங்க, சாமி," என்றார்.

"பாக்கறதுக்கு எனக்குக் கண்ணு எங்கப்பா இருக்கு? ரெண்டுலயும் புரை," என்றார் துறவி. "எனக்கு மிச்சம் இருக்கறது கையும் வாயும்தான்."

"விதி இருக்கு, சாமி. உங்களுக்கு விட்டா அப்புறம் ஊருக்கே விடணும்."

துறவி சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசையை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"தெஸ்ஸெமா, பிடி அவரை," என்றார் மெங்கெஷா.

தெஸ்ஸெமா கையை நீட்டினார். துறவியின் புழுதிக் காலைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டார்.

"கோழிங்களையே பாத்துக்கறேன், ஐயா," என்றார் மெதுவாக.

யெஷி வாசலில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். அழுது நேரத்தை வீணாக்க முடியாது. துறவி இரண்டாவது அடிக்குக் காலைத் தூக்கிவிட்டார்.

"சாமி," என்று கூப்பிட்டாள். "உங்க கோயில்ல தினமும் எல்லாரும் இந்தப் பக்கத்துக்கா முத்தம் குடுத்தாங்க?"

துறவியின் கால் அப்படியே நின்றது.

"பக்கத்துக்கா? நல்லா கேட்ட போ. தினமும் யாரு வெளிய எடுப்பா? திருநாளுக்குத்தான் எடுப்போம். மத்த நாளெல்லாம் அது அதோட தோல் பையில தூங்கும். பை சுவத்து முளையில தொங்கும். போறவங்க வர்றவங்க பைக்கு முத்தம் குடுப்பாங்க."

"நீங்களும்?"

"நான் அதைச் சுமக்கறவன். முப்பது வருஷம் தோள்ல போட்டு ஊர் ஊராப் போயிருக்கேன். பைதான் என் கைக்குத் தெரியும்."

யெஷி என் பக்கம் திரும்பினாள். "மாமா, பின்னாடி சாமான் அறையில ஒரு குவியல் இருக்கே, தோல் பைங்க. நான்கூட மேல ஏறி உக்காருவேனே."

இருந்தது. புத்தகங்களுக்கு எண் போட்டு அலமாரியில் வைத்தவர்கள், அவை வந்த பைகளுக்கு எண் போடவில்லை. நாற்பது பைகளையும் மூலையில் குவித்துவிட்டு மறந்துவிட்டார்கள். நான் ஓடிப் போய் அள்ளி வந்தேன். எனக்குப் பின்னால் தூசி ஒரு மேகமாக வந்தது. மெங்கெஷா தும்மினார்.

"இதுல உங்களோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் தும்மலுக்கு நடுவில்.

துறவி தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பையாக எடுத்து வாரைத் தடவினார். இது இல்லை. இதுவும் இல்லை. பதினேழாவது பையின் வாரில் ஒரு தடித்த முடிச்சு இருந்தது. அதைத் தொட்டதும் அவர் விரல் நின்றுவிட்டது.

"கோவேறு கழுதை கடிச்சுப் பிச்சது. நான்தான் முடிஞ்சேன். முடிச்சு அசிங்கமா இருக்குன்னு எங்க மடத்துத் தலைவர் பத்து வருஷம் திட்டினார்." பையைக் கையில் தூக்கிப் பார்த்தார். முகம் வாடியது. "ஆனா காலியா இருக்கே."

யெஷி மெங்கெஷாவைப் பார்த்தாள்.

"ஐயா, புத்தகத்தைப் பைக்குள்ள வெச்சிடலாமா? அப்ப பக்கத்துல யார் வாயும் படாது. விதியும் அப்படியே இருக்கும்."

மெங்கெஷா பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கூடப் படித்தார். பையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"தூசியைத் தட்டிட்டு வைங்க," என்றார் கடைசியில்.

நாங்கள் பையை நன்றாகத் தட்டி, ஈரமில்லாத துணியால் துடைத்தோம். தெஸ்ஸெமா புத்தகத்தை உள்ளே இறக்கினார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. துறவி பையை மடியில் வாங்கி எடை பார்த்தார். "இருக்கு," என்றார். பையை நெற்றியில் வைத்தார். மூன்று முத்தம் கொடுத்தார். பிறகு வாரை எடுத்துத் தோளில் மாட்டினார், தடியை ஊன்றி எழுந்தார், விறுவிறுவென்று வாசலைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார்.

"சாமி, எங்க போறீங்க?" என்று மெங்கெஷா பின்னாலேயே ஓடினார்.

துறவி யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றார்.

"மன்னிச்சுக்கப்பா. நான் போகல. தோள்தான் போகுது."

முதலில் தெஸ்ஸெமா சிரித்தார். அப்புறம் துறவி. மெங்கெஷா சிரிக்காமல் இருக்க மீசையைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

பை திரும்பி வந்தது. துறவி மரத்தடியில் உட்கார்ந்து ஒரு டப்பா கோலோவையும் காலி செய்தார். இன்னொரு டப்பாவையும் பாதி முடித்தார்.

அடுத்த வாரம் யெஷியும் நானும் நாற்பது பைகளையும் புத்தகங்களோடு அளவு வைத்துப் பார்த்து ஜோடி சேர்த்தோம். வாசல் சுவரில் நாற்பது முளை அடித்து, புத்தகத்தோடு மாட்டினோம். சாயங்காலமானால் தெஸ்ஸெமா எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவார். பலகையில் மெங்கெஷா தன் கையாலேயே நான்காவது வரி எழுதினார்: பைக்குக் கொடுக்கலாம்.

தெஸ்ஸெமா இப்போதும் அதே வாசலில்தான் இருக்கிறார். கோழிகளுக்கு வேறு யாரோ போனார்கள்.

போன திங்கட்கிழமை யெஷிக்குப் பள்ளி விடுமுறை. காலையிலேயே மரத்தடியில் இருந்தாள். நூலகம் திறக்கும் முன்பே மெங்கெஷா வந்தார். வழக்கம்போல் யெஷி டப்பாவை நீட்டினாள்.

மெங்கெஷா இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். சுவரில் தொங்கிய பைகளைப் பார்த்தார்.

"இப்ப வேணாம்மா," என்றார். "ஒரு நிமிஷம் கழிச்சுக் குடு."

யெஷி டப்பாவை மூடிவிட்டு, அந்த ஒரு நிமிஷமும் மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.