நாற்பது என்று சொன்ன பொய்

வல்லூறு நாற்பதைத் தாண்ட மறுத்துவிட்டது.

செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்தில் அந்த நேரத்தில் வேறு வண்டியே இல்லை. நாச்சிமுத்து காலை அழுத்தியபடியே இருந்தார். முகப்புத் திரையில் எண் நாற்பதுக்கு வந்து நின்றுகொண்டது. "வேகம் போதும். பார்த்துப் போகலாம்" என்று வண்டி சாந்தமாகச் சொன்னது.

"அம்மிணி, இது ரேஸ் காரா, சாமி சப்பரமா?"

பக்கத்து இருக்கையில் நோட்டை மடியில் வைத்திருந்த துளசிமணி தேதி, நேரம், வேகம் மூன்றையும் குறித்துக்கொண்டாள். பகலில் பம்பு கம்பெனியில் வேலை, மாலையில் பாலிடெக்னிக்கில், பழைய வண்டிக்கு வேறு பொறி மாட்டும் பொறிமாற்று வகுப்பு. இருபத்துமூன்று வயதில் அவள் தனியாகச் செய்த முதல் பொறிமாற்று இதுதான். ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று முறை முறுக்கிப் பார்த்திருந்தாள். வண்டிக் கூடு ஒரு கம்பெனி, பொறி வேறு கம்பெனி; துளைகள் பதினோரு மில்லிமீட்டர் விலகியிருந்ததால், நடுவே பொருத்த ஒரு தகடு அறுத்துக் கடைந்திருந்தாள். தகட்டில் குறை இல்லை. குறை பொறியின் மனசில் இருந்தது.

இப்போதெல்லாம் வண்டியின் மூளை பொறியில்தான் இருக்கிறது. கூடு வெறும் கண்ணும் சக்கரமும். பழகுபொறி, தன்னை ஓட்டுகிறவர்களிடமிருந்து ஓட்டக் கற்றுக்கொள்ளும்; ஆள் இல்லாவிட்டாலும் கற்றபடி தானே ஓடும்; தினமும் மாலையில் தன் கம்பெனியின் மற்றப் பொறிகளோடு அதைப் பகிர்ந்துகொள்ளும். கற்றதை வண்டிக்காரர் அழிக்க முடியாது. செய்த கம்பெனிக்கு மட்டுமே அந்த உரிமை.

நாச்சிமுத்து வாங்கி அவளிடம் ஒப்படைத்த பழைய பந்தயக் காரான வல்லூறின் பொறி எப்போதோ இறுகிப்போயிருந்தது. அதைச் செய்த கம்பெனியும் மூடிவிட்டது. துளசிமணிக்குக் கிடைத்தது குறிஞ்சிக் கம்பெனியின் பொறி. அவளுடைய பாலிடெக்னிக்கின் பயிற்சி வண்டியில் ஆறு வருடம் இருந்து ஓய்வு பெற்றது. கை நடுங்கிய முந்நூறு மாணவர்கள் அதை ஓட்டியிருந்தார்கள். ஒருவரும் நாற்பதைத் தாண்டியதில்லை. அந்தப் பயத்தில் கொஞ்சம் தன்னுடையதும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை எனக்கு அறுபது அம்மிணி" என்றார் அவர். "அன்னிக்கிக் காத்தால என்ர கையோட்டு லைசென்ஸ் செத்துரும். முப்பத்தோரு வருசம் வால்பாறை மலையில பஸ் ஓட்டுனேன். ஒரு நாளாவது அம்பதுக்கு மேல போயிருப்பனா? முதுகுக்குப் பின்னால அறுபது உசுரு. ஒரே ஒரு சுத்து, எரநூறுல. அப்பறம் ஆயுசுக்கும் பின்சீட்டுல குந்திக்கறேன்."

அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை முழுவதும் துளசிமணி இடைமொழிப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள். கூடு பேசுவதைப் பொறிக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது அந்தப் பெட்டி. வேறு கம்பெனிப் பொறி மாட்டினால் அது இல்லாமல் ஆகாது. சக்கரத்தின் வேகத்தை அது பொறிக்குச் சொல்லும் இடத்தில் ஒரே ஒரு கணக்கைச் சேர்த்தாள்: ஐந்தால் வகு. இனி இருநூறில் போனாலும் நாற்பது என்றே பொறிக்குக் கேட்கும்.

முடித்தபின் வழக்கம்போலச் சந்தேகங்களை எழுதினாள். மொத்தம் முப்பத்தொன்று. தகட்டின் வெப்பம், குழாயின் கசிவு, தான் இந்த வகுப்புக்கே லாயக்குதானா என்பது வரை. இருபத்தேழாவது இப்படி இருந்தது: 'வேகத்தை மாற்றிச் சொல்கிறோம். கண் அளக்கும் தூரத்தை மாற்றவில்லையே? மாலைப் பகிர்வில் இது போகுமா?'

வியாழக்கிழமை தடத்தின் ஓரத்தில் நின்று முழுப் பட்டியலையும் அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"இத்தனையும் பார்த்தா நான் எழுவதாயிருவேன்" என்றார். "கழுத்து ஒடிஞ்சு போற சந்தேகம் எதாச்சும் அதுல இருக்குதா?"

"நாலு இருந்துச்சுங்க. நாலையும் சரி பண்ணிட்டேனுங்க."

"அப்பறமென்ன, ஏறு."

வல்லூறு போனது. நூறு, நூற்றைம்பது, இருநூறு. துளசிமணியின் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. பொறி ஒரு வார்த்தை பேசவில்லை. நாச்சிமுத்து வாயைத் திறந்துகொண்டு, சத்தமே வராமல் சிரித்தார். நேர்தடத்தின் முடிவில் பிரேக்கை மிதித்தபோது டயர் அலறியது. வண்டி அடங்க இருநூறு மீட்டர் ஆனது. அந்த வேகத்திலும், வளைவுக்கு முன்னால் அவர் கால் பிரேக்கை இரண்டு முறை தொட்டது. லேசாக, டப் டப் என்று. மலையில் பஸ் ஓட்டிய பழக்கம்.

இறங்கியதும் வண்டியின் மூக்கில் கை வைத்து நின்றார். "போதும் அம்மிணி" என்றார்.

மாலை ஆறு மணிக்கு, எல்லாக் குறிஞ்சிப் பொறிகளையும் போல, அதுவும் தான் அன்று கற்றதைத் தன் இனத்தோடு பகிர்ந்துகொண்டது. மற்றப் பாடங்கள் சோதித்த பிறகே ஊருக்குப் போகும். எது ஆபத்து என்று சொல்லும் பயப்பாடம் மட்டும் உடனே போய்ச் சேரும். பாதுகாப்புக்கென்று கம்பெனி செய்த ஏற்பாடு. வல்லூறின் பாடம் இதுதான்: நாற்பதில் போனால் நிற்க இருநூறு மீட்டர் ஆகிறது, டயர் அலறுகிறது. நாற்பது மிக ஆபத்தான வேகம்.

மறுநாளிலிருந்து கோயமுத்தூரில் ஓடிய குறிஞ்சி வண்டிகள் ஒன்றுகூடப் பதினைந்தைத் தாண்டவில்லை. ஊரில் பாதி வண்டி குறிஞ்சிதான். மீதி வண்டிகள் அவற்றின் பின்னால் ஊர்ந்தன. அவிநாசி சாலையைப் பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொண்டே கடந்தார்கள். ஒன்பது நாளாக ஒரு விபத்தும் இல்லை. 'எங்கள் புதிய அக்கறை' என்று கம்பெனி விளம்பரமே போட்டுவிட்டது.

அந்த விளம்பரத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் துளசிமணி நோட்டைப் புரட்டினாள். இருபத்தேழில் விரல் நின்றது. முப்பத்தொன்றில் ஒன்று சரியான சந்தேகம். அதை மற்ற முப்பதோடு சேர்த்துத் தொலைத்திருந்தாள்.

அவர் வீட்டுக்குப் போனபோது நாச்சிமுத்து வாசலில் டாக்சிக்குள் ஏறிக்கொண்டிருந்தார். "வா வா, ஏறு. எங்கக்கா பேத்திக்கிக் கொழந்த பொறந்திருக்குது. ஆசுபத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள நாலு கதை பேசலாம்."

ஆளில்லாத டாக்சி, குறிஞ்சிப் பொறி. பன்னிரண்டில் உருண்டது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்தபடி அவர்களை முந்திப் போனார்.

"எந்த மடையன் இதுக்கு ஓட்டக் கத்துக் குடுத்தானோ" என்றார் நாச்சிமுத்து. "ஆம்புலன்சும் இப்பிடித்தானாம். சிங்காநல்லூர் தாண்டறதுக்குள்ள வண்டியிலயே பொறந்திருச்சு. தாயும் புள்ளையும் நல்லாயிருக்கறாங்க, எதோ புண்ணியம்."

துளசிமணி நோட்டை எடுத்துத் திறந்தாள். "அய்யா, நான் ஒண்ணு சொல்லோணுங்க."

முன்னால் ஒரு வளைவு வந்தது. டாக்சி பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டது. டப் டப். இருவர் தலையும் இரண்டு முறை ஆடியது.

நாச்சிமுத்து குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். மிதிப்பானே இல்லாத தரையில் அதுவும் அதே நேரத்தில் இரண்டு முறை அழுத்தியிருந்தது.

"இது என்ர காலு" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வகுத்த ஐந்து, வகுக்காமல் விட்ட தூரம், இருபத்தேழு. அவர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். எதிரே வந்த குறிஞ்சிப் பேருந்து வளைவில் திரும்பியது. உள்ளே நாற்பது தலைகள் ஒரே மாதிரி இரண்டு முறை ஆடின.

"அப்ப ஊரே என்ர கால்லதான் ஓடுதா?" அவர் முகத்தில், தடத்தில் சிரித்த அதே சத்தமில்லாத சிரிப்பு வந்தது.

"ஆமாங்க. கம்பெனிக்குச் சொன்னா அந்தப் பாடத்தையே அழிச்சுருவாங்க. இந்த ரெண்டு தட்டும் அதே பயப்பாடத்தோடதான் ஊருக்கு வந்துருக்குது, அதுவும் போயிருமுங்க."

சிரிப்பு மெல்ல இறங்கியது. அறுபது முடிந்த மனிதர்; இனி அவர் கால் ஊரில் எங்கே மிச்சமிருக்கப் போகிறது? துளசிமணி நோட்டை மூடினாள், திறந்தாள்.

"ஒம்பது நாளா ஒருத்தருக்கும் அடி இல்லைங்க. ஆனா அடுத்த ஆம்புலன்சுல... எனக்கு முடிவெடுக்கத் தெரியலைங்க. சொல்லிரட்டுங்களா?"

ஆசுபத்திரி வளைவு வந்தது. டப் டப். அவர் தலை ஆடியது, இரண்டு முறை.

"ஏனுங்கய்யா, இது வண்டி ஆட்டுனதுங்களா, நீங்க ஆட்டுனதுங்களா?"

"என்ர காலு ஆட்டுனது அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. "கம்பெனிக்கு எழுதிப் போடு."