சாக்கடைப் பதிகம்

காலை ஏழு மணிக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி குளிப்பார். சற்று நேரத்தில் அந்தத் தண்ணீர் அவர் மாடியிலிருந்து கிளம்பி, சோப்பு நுரையும் தானுமாக ஆடி அசைந்து இறங்கி, கீழ்வீட்டு அஞ்சுகத்தின் வாசலில் விழும். செவ்வாய்க் கிரகத்தில் எடை குறைவு; விழுகிற தண்ணீருக்கும் அவசரம் குறைவு. அண்ணாந்து பார்த்துவிட்டு அஞ்சுகம் ஓரெட்டு நகர்ந்துகொள்ளலாம். வாசல் எங்கே நகரும்?

செந்தரைக் குடியிருப்பின் மூவாயிரம் பேரும் ஒரே கண்ணாடிக் குவிமாடத்துக்குள் வாழ்ந்தார்கள். மூச்சுக்காற்றைத் தாங்களே செய்துகொண்டார்கள். வடக்கே பனிச்சுரங்கம் தோண்டிய பிறகு தண்ணீரும் தாராளம். வீட்டுக்கு வீடு கழிவுநீர்க் குழாய் உண்டு. அண்ணாச்சி வீட்டுக் குழாய் மட்டும் எட்டு மாதமாக அடைத்துக் கிடந்தது.

“நாளைக்கே ஆள் விட்டுப் பாத்திருவோம் தாயி” என்பார், கேட்கும்போதெல்லாம். அந்த நாளை வரவே இல்லை. அவரோடு மல்லுக்கு நிற்கவும் வழியில்லை. அவர்தான் குடியிருப்பின் பண்பாட்டு வாரியத் தலைவர். அஞ்சுகம் அந்த வாரியத்தின் மண்குரல் ஆய்வாளர்.

மண்குரல் என்பது எளிய சங்கதிதான். சக்கரத்தில் பானை சுழலும்போது வனைபவர் பேசினால், அந்தப் பேச்சின் அதிர்வு விரல் வழியே ஈர மண்ணில் பதியும். சூளையில் சுட்டால் நிலைத்துவிடும். ஒளியூசியால் அதைத் தடவி எடுத்து, மொழிபிரிப்பான் என்ற எந்திரத்துக்குக் கொடுத்தால், அது நம் பேச்சில் சொல்லிவிடும். பூமியிலிருந்து வந்த பானைகளில் இதுவரை கேட்டதெல்லாம் கொட்டாவி, இருமல், மண்ணில் கல் கிடக்கிறது என்ற முனகல். அந்த வாரம் பிரித்த பெட்டியில் சிந்துவெளிப் பானை ஒன்று இருந்தது. நாலாயிரத்து ஐந்நூறு வயதைத் தாண்டியது.

ஒளியூசியை வைத்தாள். ஒரு பெண்ணின் குரல் சீறிக்கொண்டு வந்தது.

“மேல்வீட்டுக்காரரே! நீர் குளிச்ச தண்ணி என் வாசல்ல விழுது. ஊரே கூடி செங்கல்லால கால்வா கட்டிக் குடுத்திருக்கே, அதுல விட்டா ஆகாதா? எத்தனை நாள் கூப்பிடுறது? காது கேக்கலையா, இல்ல கல்லா நீரு?”

அஞ்சுகம் துள்ளிக் குதித்தாள். செவ்வாயில் துள்ளக் கூடாது. தலை கூரையில் இடித்தது. அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனக்காகவே ஒருத்தி இத்தனை காலம் முன்னால் வாய் திறந்திருக்கிறாள்! இதை வாரியச் சபையில் ஒலிக்கவிட்டால் அண்ணாச்சி நாக்கைப் பிடுங்கிக்கொள்வார், மறுநாளே குழாய் சரியாகிவிடும் என்று மனக்கோட்டை கட்டினாள்.

வாரியக் கூடத்தில் நானூறு பேர் கூடினார்கள். குரல் ஒலித்தது. அஞ்சுகம் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்களிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது. அப்பாடா, உறைத்துவிட்டது என்று நினைத்தாள்.

அண்ணாச்சி எழுந்து கைகூப்பினார். “என்னா பக்தி! என்னா உருக்கம்!”

“அண்ணாச்சி, அது சாக்கடைச் சண்டை” என்றாள் அஞ்சுகம்.

“மேலோட்டமாப் பாத்தா அப்படித்தான் தாயி தெரியும். இது நிந்தாஸ்துதி. சாமிய உரிமையோட திட்டுறது. மேல்வீடுன்னா விண்ணுலகம். தண்ணின்னா அருள். வாசல்னா நெஞ்சு. நெஞ்சுல அருள் விழுதுன்னு பாடுதா அந்தப் புண்ணியவதி.”

“அப்ப செங்கல் கால்வா?”

“யோகிகள் முதுகுத்தண்டுல எழுப்புற சுழுமுனை நாடி” என்றார் கண்ணிமைக்காமல். கூடமே “ஆகா!” என்றது.

“அண்ணாச்சி, அவ வாசல்ல தண்ணி நிக்குது. என் வாசல்லயும் நிக்குது. பாசி பிடிச்சிருக்கு, வந்து பாருங்க!”

“பாத்தியளா?” என்று அண்ணாச்சி சபையின் பக்கம் திரும்பினார். “அவ வாசல்லயும் அதே அருள், இவ வாசல்லயும் அதே அருள்!” அன்றே தீர்மானம் நிறைவேறியது. அந்த ஏச்சுக்குச் சாக்கடைப் பதிகம் என்று பெயர் வைத்து, இருக்கும் ஒரே பாட்டைப் பத்து முறை பாடிப் பதிகமாக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை அஞ்சுகம் கதவைத் திறந்தாள். வாசலில் அறுபது பேர் அருளைப் பிடிக்கச் சொம்பும் கையுமாக நின்றார்கள். ஏழு மணிக்கு மாடியில் மணி அடித்தது. அண்ணாச்சி அன்று மூன்று வாளி கூடுதலாகக் குளித்தார். தண்ணீரில் மஞ்சளும் பூவும் வேறு போட்டிருந்தார். அவ்வளவும் நிதானமாக இறங்கி, கூட்டத்தில் நகர இடமில்லாமல் நின்ற அஞ்சுகத்தின் தலையில், புதுச் சேலையில், வீட்டுக் கூடத்துக் கம்பளத்தில் பரவியது.

அவளுக்கு எட்டு மாதக் கோபமும் ஒன்றாகக் கிளம்பியது. உத்தியோகம் போனால் போகிறது என்று முற்றத்தில் இறங்கி, அண்ணாந்து கத்தினாள்.

“யோவ் அண்ணாச்சி! உமக்குக் கண்ணு தெரியலையா?”

“உமக்குக் கண்ணு தெரியலையா!” என்று அறுபது பேரும் ராகத்தோடு திருப்பிப் பாடினார்கள்.

“குழாயக் குத்தி விடுமய்யா!”

“குத்தி விடுமய்யா!”

மாடியில் அண்ணாச்சி கண்களை மூடித் தாளம் போட்டார். நனைந்த சேலையைப் பிழியத் தொடங்கிய அஞ்சுகத்தின் முன்னால், சொம்போடு நின்ற ஒரு பெண் பக்தியோடு ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினாள்.

“அடுத்த வரி சொல்லுங்கம்மா. வாரியத்துல வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”