தேவியின் கண்ணைத் திறந்த கை

பொழுது சாயும் வேளை. சேயாற்று நீரில் செம்பொன் கரைந்து ஓட, கீழ்வானில் முழுமதி மெல்லத் தலைகாட்ட, வேங்கைமலைக் கோட்டையின் மாந்தர் அனைவரும் புதிய கொற்றவை கோயிலின் முன்றிலில் மூச்சு விடவும் மறந்து நின்ற அந்த மாலைக்கு அன்பு வாசகர்களை அழைத்துச் செல்கிறோம். கருவறை வாயிலை வெண்பட்டுத் திரை மறைத்திருந்தது. திரைக்கு வெளியே உருவிய வாளுடன் நின்றான் சிற்றரசன் கடம்பராயன்.

கோயிலில் வாள் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லவே நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. இரண்டாண்டு உழைத்து அந்தத் தேவியைக் கல்லில் வடித்தவன் விடங்கன் என்னும் இளம் சிற்பி. இதற்கு நிகரான சிலை வேறெந்த நாட்டிலும் எழக் கூடாதென்ற பொறாமையில், "தேவியின் கண்ணைத் திறக்கும் கையை அப்போதே வெட்டுவேன்" என்று ஊரறியச் சபதம் செய்திருந்தான் அந்த மகானுபாவன்! கண்ணின் மணியை இழைத்துத் திறப்பவனே சிலையின் சிற்பி என்பது மரபு. அதனால்தான் அப்படிச் சொன்னான்.

இன்னொரு மரபும் உண்டு. அந்நேரம் திரைக்குள் இருவர் மட்டுமே இருக்கலாம். ஒருவர் பொன்னுளி பிடித்த சிற்பி. மற்றவர், திறந்த கண்ணுக்கு முதலில் கண்ணாடி காட்டும் கன்னிப்பெண். வேந்தனே ஆனாலும் எட்டிப் பார்க்கலாகாது. இன்று கண்ணாடி ஏந்திச் சென்றவள் கடம்பராயனின் ஒரே மகள் தேசநங்கை. அவளுக்கும் விடங்கனுக்கும் இடையே வளர்ந்திருந்த அன்பு கோட்டையில் எல்லோருக்கும் தெரியும், தகப்பனைத் தவிர.

கண்மணிகளின் வட்டத்தைக் காவியால் வரைந்துவிட்டு விடங்கன் பொன்னுளியை எடுத்தான்.

"அதை என்னிடம் தாரும்," என்றாள் தேசநங்கை.

"இளவரசி, விளையாட இதுவா நேரம்? மயிரிழை பிசகினால் அம்மைக்கு மாறுகண் விழுந்துவிடும்! என் கை போனால் போகட்டும்."

"உமது கையோடு இன்னும் பிறக்காத நூறு சிலைகள் போகுமே, அதற்கு என்ன சொல்கிறீர்? நாற்பது நாளாக உடைந்த கற்களில் வட்டம் இழைத்துப் பழகியிருக்கிறேன். பாரும், உள்ளங்கை காய்த்திருக்கிறது."

அவன் அந்தக் காய்ப்பைக் குனிந்து பார்த்தான். "அப்படியானால் தங்கள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்கிறேன். கோடு நடுங்காது."

"தொடாதீர்! தொட்டால் இதுவும் உமது கையாகிவிடும்."

விடங்கன் உளியைக் கொடுத்தான். கையை இழப்பதைவிட அதுவே அவனுக்குக் கடினமாயிருந்தது.

வெளியே நின்றவர்களுக்கு உளியோசை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது, திரை விலகியது. "தாயே!" என்று கூட்டம் கதறியது. கல் நேராகப் பார்த்தது, ஐயா! கடம்பராயனோ தேவியைப் பார்க்கவில்லை. பாய்ந்து சிற்பியின் வலக்கையைப் பற்றினான். நடுவே தன் கையை நீட்டினாள் மகள்.

"தந்தையே, கண்ணைத் திறந்தது இந்தக் கை."

"பொய், அரசே! திறந்தவன் நான்!" என்று அலறினான் விடங்கன்.

"அப்படியானால் அம்மையின் முகத்தைத் தொட்டு, அந்த வட்டம் உம்முடையது என்று சொல்லும்," என்றாள் தேசநங்கை.

அவன் கையை உயர்த்தினான். இடக்கண்ணின் மணி, காவிக் கோட்டுக்கு ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது. அவளுக்காக உயிரையும் கொடுப்பான். ஆனால் பிறர் இழைத்த கோட்டைத் தன் கோடென்று அவன் குலத்தில் எவரும் சொன்னதில்லை. உயர்த்திய கை தானாகத் தாழ்ந்தது. அவன் வாய்விட்டு அழுதான்.

கடம்பராயன் மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். கல்தூசி படிந்த அந்த உள்ளங்கை காய்த்திருந்தது. ஓங்கிய வாள் இறங்கவில்லை.

"வெட்டுங்கள். இல்லையேல் தங்கள் சபதம் தவறு என்று ஊரார் முன் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று நடக்காமல் நான் இங்கிருந்து அசையமாட்டேன்."

வாள் தாழ்ந்தது. பின்னர் வேங்கைமலையின் அதிபதி குனிந்து, பதினெட்டுப் போர்களில் கழற்றாத வீரக்கழலைத் தன் காலிலிருந்து கழற்றித் தேவியின் பீடத்தில் வைத்தான்.

"சொல் தவறியவன் காலில் இது இருக்கலாகாது," என்று கூறிவிட்டு, வெறுங்காலுடன் படியிறங்கி நடந்தான்.