சீதேவிக்கு ஆகாத மருந்து

1996, மட்டக்களப்பு. காலை 10.40. தன்னாமுனைச் சீதேவி ஒப்பரேசன் மேசையிலேயே செத்துப்போனாள். கழுத்துக் கழலையை எடுக்க வந்தவள். கத்தி வைத்துப் பத்து நிமிடத்தில் இரத்த அழுத்தம் விழுந்தது. ஏற்கெனவே நொந்திருந்த இதயம் நின்றுவிட்டது.

10.55. மயக்க மருந்து டொக்டர் எமிலி, சீதேவி சுவாசித்த மருந்தின் மிச்சத்தை வெள்ளைப் பீங்கானில் ஊற்றிக் காயவைத்தாள். மஞ்சளாய்ப் பிசுபிசுத்தது. அவள் கொடுப்பதாய் நினைத்த ஐசோஃப்ளுரேன் காய்ந்தால் தடமே இருக்காது. பிசுக்கு விடுவது ஹலோத்தேன். இதயத்தை அமுக்கிவிடும், சீதேவிக்கு ஆகாது என்று எமிலியே விலக்கிய சனியன்! இருந்த ஒரே ஐசோஃப்ளுரேன் போத்தலில் எவனோ அதை ஊற்றி வைத்திருக்கிறான்.

11.30. எமிலி கூப்பிட்டுப் பொலிஸ் சாஜன் மஜீட் வந்தார். மருந்தலுமாரியைப் பூட்டுகிற திறப்பு இரண்டு. ஒன்று உதவியாள் கதிர்காமத்தம்பியிடம். மற்றது ஒப்பரேசன் செய்த சத்திர டொக்டர் நல்லரத்தினத்திடம்.

மஜீட் கதிர்காமத்தம்பியின் சட்டையைப் பிடித்தார். “மருந்தக் காட்டுக்குள்ள இயக்கத்துக்குக் குடுத்திட்டியா?”

“ஐயோ, சத்தியமா இல்ல ஐயா!”

“ஆமிக் காம்புக்கு அனுப்புங்க இவன,” என்றார் நல்லரத்தினம், கையைத் துடைத்தபடி. இராணுவக் காம்புக்குப் போனவன் திரும்பி வருவது அந்த நாளில் லேசில்லை.

“பொறுங்க,” என்றாள் எமிலி. “கதிர்காமத்தம்பி, காலையில என்ன செஞ்ச?”

“போத்தல்ல இரிந்தத மெசினுக்குள்ள ஊத்தினன். பிறகு ரத்தப்போக்க நிப்பாட்டுற அதிரினலின் ஊசிய டொக்டர் ஐயாக்கிட்ட நீட்டினன். இண்டைக்கு வேணாமெண்டு தள்ளிட்டார்.”

எமிலி சீதேவியின் சீட்டைப் புரட்டினாள். நேற்று மாலை நல்லரத்தினமே எழுதியது: ‘மயக்கம் ஐசோஃப்ளுரேன். ஆகவே அதிரினலின் கொஞ்சம் போடலாம்.’

“ஏன் வேணாமெண்டீங்க, சேர்?”

“இதய வருத்தக்காரி. பயத்துலதான்.”

“நேற்றும் அதே இதயந்தானே! விடியிறதுக்குள்ள மாறினது மருந்து மட்டும். ஹலோத்தேனோட அதிரினலின் சேந்தா இதயம் தாறுமாறா அடிக்கும். போத்தலுக்குள்ள இரிந்தது ஹலோத்தேனெண்டு எனக்கும் தெரியா, இவனுக்கும் தெரியா; தெரிஞ்சா ஊசிய நீட்டுவானா? உங்களுக்குத்தான் தெரிஞ்சிரிக்கி. கள்ளன் நீங்கதான்!”

மஜீட்டின் கை சட்டையை விட்டது.

நல்லரத்தினத்தின் குரல் இறங்கிற்று. “கல்லடியில என்ட கிளினிக்ல ஒரு பெரிய மனுசன். அவருக்கும் இதய வருத்தம். மருந்த அவருக்கு எடுத்திட்டன். இவ எப்பிடியும் ஒரு வருசம் தாண்டமாட்டா, எமிலி.”

“சீ! ஒப்பரேசன நிப்பாட்டியிருக்கலாமே!”

“நிப்பாட்டினா ஏனெண்டு கேப்பாங்களே.”

தூ என்று துப்பவேண்டும்போல் இருந்தது எமிலிக்கு. இவனோடு ஐந்து வருடம் ஒரே மேசையருகே நின்றோமே என்று உடம்பு கூசியது.

அப்போது கதவு திறந்தது. சீதேவியின் புருசன் அழகரத்தினம், கண் வீங்கி, நேரே நல்லரத்தினத்திடம் வந்தார்.

“கடைசிமட்டும் பாடுபட்டீங்களாம் ஐயா. கையெடுத்துக் கும்பிட வந்தன்.”

எமிலி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“கும்பிடாதீங்க அண்ணன். இவர் சொல்றத முதல்ல கேளுங்க.”